சின்னவள் கட்டிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு வெட்கமே கிடையாது. இதை நான் ஆறு வருடமாகக் குறையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்னவள் என்றால் என் கொழுந்தனின் மனைவி, எனக்கு ஓர்ப்படி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள், சமையலறை மட்டும் பொது. எங்களுக்குள் தினமும் சண்டை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். அது தப்பு. சண்டை போடுவது நான் மட்டும்தான். அவள் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுத் தனக்குத் தோன்றியதைச் செய்துகொண்டிருப்பாள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். ஒரு கட்டட நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். பாப்பாவுக்கு இப்போது இரண்டரை வயது. இந்த இரண்டரை வருடத்தில் அவள் கை ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. சமையல் மேடையில் மாவு கொட்டியிருந்தால் அதில் விரலால் ஒரு சுவர் போடுவாள், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒரு வளைவு போடுவாள், அப்புறம்தான் துடைப்பாள். பஸ்ஸில் போகும்போது ஏதாவது கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் படிக்கட்டு தப்புக்கா. பாதியில தலை இடிக்கும்" என்பாள். இடித்தால் இடிக்கட்டும், நமக்கென்ன என்று நான் சொல்வேன்.

ஒரு நாள் அவளுடைய பழைய மேலாளர் போன் செய்தார். வீட்டில் இருந்தபடியே வேலை செய்ய ஆள் வேண்டுமாம். ஆனால் மெஷின் அவர்கள் தரமாட்டார்கள்.

"மூணு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் பெரிய ஃபைல் ஒண்ணு அனுப்புவேன். உங்க வீட்டு மெஷின்ல அது திறக்கணும். மதியம் பன்னிரண்டுக்குள்ள திருத்தி அனுப்பிட்டா வேலை உங்களுக்கு. இல்லைன்னா தப்பா நினைக்காதீங்க, இன்னொருத்தங்க காத்திருக்காங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இன்னும் ஒரு வருஷம் போனா எனக்கு வரையறதே மறந்துடுமோன்னு பயமா இருக்குக்கா."

அவள் எதற்கும் பயம் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

கையில் இருந்த பணத்துக்கு நல்லதாக ஒரு கம்ப்யூட்டர் முழுசாக வாங்க முடியாது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் முடியும் என்றாள். உடனே வீட்டு ஆண்கள் இருவரும் வல்லுநர்களாகிவிட்டார்கள். என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கனமாக இருப்பதெல்லாம் நல்ல சாமான் என்பது அவர் கொள்கை. கொழுந்தன் மருந்து வண்டி ஓட்டுகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு நிறத்தில் விளக்கு சுழலும் படம் ஒன்றைப் போனில் காட்டிக்கொண்டே திரிந்தார்.

"இந்த விளக்கு எதுக்குங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"பார்க்க அழகா இருக்கும்ல?"

"வரைபடத்தைப் பார்க்கறதா, விளக்கைப் பார்க்கறதா?"

அதோடு விளக்குப் பேச்சு அணைந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? எதையும் வாங்கப் போகவில்லை. பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டு நேராகப் பழைய அலுவலகத்துக்குப் போனாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு தோழியின் மெஷினில் இருப்பதிலேயே பெரிய வரைபடத்தைத் திறந்து, நகர்த்தி, மூடி, மறுபடி திறந்து, அந்த மெஷின் உள்ளே எது எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாள். பாப்பாவின் கிறுக்கல் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தாள்.

"ப்ராசஸருக்குள்ள எட்டுப் பேர் இருக்காங்கக்கா. ஆனா நம்ம வரைபடத்துக்கு ஒருத்தர்தான் மாடா உழைக்கிறார். மத்த ஏழு பேரும் வேடிக்கை பார்க்கறாங்க" என்றாள்.

எனக்கு அது பளிச்சென்று புரிந்தது. நான் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனுக்குக் காய்கறியும் மளிகையும் கொள்முதல் செய்கிறவள். எங்கள் சமையலறையிலும் எட்டுப் பேர்தான். உழைப்பது யார் என்று எனக்குத் தெரியும், அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன்.

"அப்போ பதினாறு பேர் இருக்கற ப்ராசஸர் வேண்டாம். ஆள் குறைவா இருந்தாலும் ஒவ்வொருத்தரும் வேகமா இருக்கணும். மெமரி நிறைய வேணும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், ப்ராசஸருக்குள்ளேயே படம் காட்டற பகுதி இருக்கு, அது போதும்" என்று அடுக்கினாள்.

நோட்டில் மூன்று கட்டம் போட்டிருந்தாள். முதலில் என்ன வேண்டும், அடுத்து ஏன் வேண்டும், கடைசியில் அது இல்லாவிட்டால் என்ன ஆகும். நான் இருபது வருடமாகக் கொள்முதல் செய்கிறேன். ஏன் என்று ஒரு கட்டம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. "கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் செத்துப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதைக் கூடத்தில் பிரித்துப் போட்டாள். பெட்டியின் உள்ளே திருகாணி ஓட்டைகளை அளவுகோல் வைத்து அளந்து, புது மதர்போர்டு இதிலேயே உட்காரும், வேறு பெட்டி வாங்க வேண்டாம் என்றாள். மானிட்டர் நன்றாக இருந்தது. மற்ற பாகங்களைத் தோழி வீட்டுக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு வந்து, கெட்டதைக் குப்பையில் போட்டாள். நல்லதை ஒவ்வொரு கவரில் போட்டுச் சீட்டு ஒட்டினாள். ஒரு கவரில், "படம் காட்டும் கார்டு. பழசு. வேலை செய்கிறது. இப்போது தேவையில்லை" என்று இருந்தது.

"தேவையில்லைன்னு நீயே எழுதிட்டு எதுக்குடி வச்சிருக்க? பழைய சாமான்காரர்கிட்ட போடு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். கவர்கள் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போய், என் பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்தன. என் பீரோ! அதற்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டேன்.

கடைசி வாரப் புதன்கிழமை அவளோடு கடைக்குப் போனேன். பேரம் பேச ஆள் வேண்டுமே. நீளமான கடை, இரண்டு பக்கமும் கூரை வரை டப்பாக்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார். சின்னவள்தான் எடுத்துக் காட்டினாள்.

அன்றைக்கு எனக்கு மானம் போயிற்று. அவர் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். மற்றவர்கள் எல்லாம் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள். இவள் மட்டும், "அப்படின்னா என்னன்னு எனக்குத் தெரியலை. சொல்லுங்க" என்பாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையை நகர்த்திக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவை அவள் தெரியாது என்று சொன்னபோதும் கடைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக வியாபாரியிலிருந்து மனிதராக மாறினார். முதலில் விலை கூடியதை எடுத்துக் காட்டியவர், கடைசியில், "இது உங்களுக்கு வேண்டாம்மா, வீண் செலவு" என்று தானே உள்ளே வைத்தார். நான் பேரம் பேசி அந்த இடத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், தொண்டையும் கட்டியிருக்கும்.

பவர் சப்ளையில் மட்டும் அவள் ஒரு காசு குறைக்கவில்லை. மலிவானது ஒன்று இருந்தது, நானே எடுத்துக் கொடுத்தேன். "வேண்டாம்க்கா. இது அஸ்திவாரம். வெளியில யாரும் பார்க்க மாட்டாங்க, ஆனா இது போனா மேல இருக்கறது எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிடும்" என்றாள். கடைக்காரர் கண்ணாடியை இறக்கி அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். சொந்தத் தங்கையை யாரோ புகழ்ந்த மாதிரி எனக்கு உள்ளே குளிர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் கிடைத்தது, ப்ராசஸர் மட்டும் சனிக்கிழமைதான் வரும் என்றார். சனிக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை பரீட்சை.

"நான் வேலை முடிஞ்சு வரும்போது வாங்கிட்டு வரேன். நீ பாப்பாவைப் பாரு" என்று சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சீட்டைப் பார்த்துவிட்டு ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களை மேஜையில் வைத்தார்.

"இது நீங்க எழுதினது. இது அதே வேகம்தான், ஆனா விலை கம்மி. உள்ளே படம் காட்டற பகுதி மட்டும் இருக்காது. நீங்க தனியா கிராஃபிக்ஸ் கார்டு போடறீங்கன்னா இதுவே போதும். போடறீங்களா?"

கிராஃபிக்ஸ் கார்டு என்ற வார்த்தை மூன்று வாரமாக வீட்டில் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வேண்டும் என்று விழுந்ததா, வேண்டாம் என்று விழுந்ததா என்பதுதான் ஞாபகம் இல்லை. பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? விலை கம்மி என்று காதில் விழுந்ததும், சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டைக்குத் தலையாட்டுகிற மாதிரி தலையாட்டினேன்.

"ஆமா ஆமா, அதெல்லாம் போடறோம்" என்றேன். அதற்கு மேலும் பேரம் பேசிக் கொஞ்சம் குறைத்தேன். வழியெல்லாம் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வந்து, மிச்சப் பணத்தைச் சின்னவள் கையில் வைத்தபோது, "நீங்க ராணிதான்க்கா" என்றாள். அவள் அப்போது பாப்பாவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. நான் வாங்கி வந்தால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, துணி விரித்து, வேலையைத் தொடங்கினாள். எல்லோரும் சுற்றி நின்றோம். ப்ராசஸரை அவள் இரண்டு விரலால் பிடித்துக் குழிக்குள் இறக்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி, அழுத்தாமல், தானே உட்காரும்வரை காத்திருந்தாள். வயர்களை வளைத்து, கட்டி, பின்பக்கமாக ஒளித்தாள். "மூடிட்டா யார் பார்க்கப் போறாங்க?" என்று கொழுந்தன் கேட்டார். "காத்து போக வழி வேணும்ல?" என்றாள். என் கணவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகத் திருகாணி முடுக்குகிறவர், ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய பட்டம்.

பித்தானை அழுத்தினாள். காற்றாடி சுற்றியது. கொழுந்தன் கைதட்டினார். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

வயரைப் பிடுங்கிச் செருகினாள். மெமரியைக் கழற்றி மாட்டினாள். மறுபடி கறுப்பு. மணி நாலு. கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

அப்புறம்தான் அவள் ப்ராசஸர் டப்பாவைக் கையில் எடுத்தாள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

"அக்கா, கடையில ஏதாவது சொன்னாங்களா?"

குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. "என்ன சொல்லுவாங்க? ஒண்ணும் சொல்லலை! நீ எழுதிக் கொடுத்ததைத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்று கத்தினேன். கத்தி முடிக்கும்போதே, அந்த மேஜையும் இரண்டு டப்பாவும் கடைக்காரரின் கேள்வியும் கண்முன் வந்து நின்றன. அவள் இரண்டரை வருடம் காத்திருந்த வேலையை நான் ஒரு தலையாட்டலில் தொலைத்துவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. வரைபடத்தில் தப்பைக் கண்டுபிடிக்கிற கண் அது.

"சரிக்கா" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, என் பீரோவின் மேலிருந்த அட்டைப் பெட்டியை இறக்கினாள்.

"தேவையில்லை" என்று எழுதியிருந்த கவரைப் பிரித்தாள். உள்ளங்கை அகல பழைய கார்டு. தூசியை ஊதி, மதர்போர்டில் செருகி, மானிட்டர் வயரை அதில் மாட்டினாள். பித்தானை அழுத்தினாள். திரையில் வெள்ளை எழுத்து வரிசையாக இறங்கியது.

கொழுந்தன் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார். "கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்னு சொன்னியே?" என்று என் கணவர் கேட்டார்.

"இப்படியும் பண்ணலாம் மாமா" என்றாள் சின்னவள். அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆனாலும் அது பழைய கார்டுதான். இருட்டுவதற்குள் ஒரு பழைய வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். கட்டடத்தைச் சுற்றித் திருப்பினால் படம் விக்கியது. அவள் பதறவில்லை. நிழல், பளபளப்பு என்று கண்ணுக்கு அழகாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வெறும் கோடுகள் மிஞ்சின. கோடுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. "எனக்குக் கோடு போதும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்துப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டேன். ஒன்பது மணிக்கு ஃபைல் வந்தது. ஆறு மாடிக் கட்டடமாம். அது திறப்பதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. திறந்தது. அதன் பிறகு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதுகு நிமிர்ந்துவிட்டது, கழுத்து நீண்டுவிட்டது. வாய் தன்பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தது. ஆறு வருடமாக என்னோடு ஒரே அடுப்பில் சமைத்தவள் இவள்தானா என்று இருந்தது. இவ்வளவு பெரிய ஆளையா நான் மாவைத் துடை, தட்டைக் கழுவு என்று விரட்டிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டாள். பன்னிரண்டுக்கு மேலாளரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாலாவது மாடிப் படிக்கட்டை ஏன் மாத்தினீங்க? அது நான் சொல்லலையே?"

"பாதியில தலை இடிக்கும் சார்."

அந்தப் பக்கம் மவுஸை க்ளிக் செய்யும் சத்தம் கேட்டது. அப்புறம், "நாளையிலிருந்து ஆரம்பிச்சுடுங்க" என்றார்.

மாலையில் எல்லோரும் அதே மேஜையில் உட்கார்ந்தோம். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "சின்னவ மூளை, பெரியவ பேரம். ரெண்டும் சேர்ந்ததாலதான் இவ்வளவு கம்மியில முடிஞ்சது" என்றார்.

"ஆமா மாமா. அக்கா போனதாலதான் பணம் மிச்சமாச்சு" என்றாள் சின்னவள், கண்ணிமைக்காமல்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் திரும்பத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கடைக்காரர் கேட்டார். கிராஃபிக்ஸ் கார்டு போடறீங்களான்னு தெளிவாத்தான் கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியலை. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன். நேத்துக் கேட்டப்போ பொய்யும் சொன்னேன். இவ அந்தப் பெட்டியை எடுத்து வைக்கலைன்னா இன்னைக்கு இந்த வேலை போயிருக்கும்" என்றேன்.

என் கணவர் வாயில் வைத்ததை மெல்ல மறந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் என் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்து அவர் கேட்டதில்லை. கொழுந்தன், "அண்ணி, உங்களுக்கும் காய்ச்சலா?" என்றார். சின்னவள் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் என் முழங்கையைத் தேடிப் பிடித்து, மெதுவாக ஒரு கிள்ளு கிள்ளினாள்.

முதல் சம்பளம் வந்ததும் புதிதாக ஒரு சின்ன கார்டு வாங்க இருவரும் அதே கடைக்குப் போனோம். பழைய கார்டு கவருக்குள் போய் என் பீரோ மேலேயே இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை.

சின்னவள் உள்ளே போய் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, என்னிடம் ஏதோ இரண்டு நினைவக அளவுகளைச் சொல்லி, "எது போடறீங்கம்மா, தெரியும்ல?" என்றார். பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். தலை தானாகவே ஆட ஆரம்பித்தது. பிடித்து நிறுத்தினேன்.

"எனக்குத் தெரியாது. முதல்லேருந்து சொல்லுங்க" என்றேன்.

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, மூன்று கட்டம் போட்டேன்.